விளக்கை அணைத்ததும் அம்மா ஞாபகம்

மகள் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். கைக்குழந்தையாக இருந்தவரை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டே போனாள். இப்போது பையனுக்கு ஒன்றரை வயது. "ஒரு ராத்திரிதானே, நாங்க பாத்துக்குறோம், நீ போயிட்டு வா" என்கிறாள் பாட்டி. அன்று சாயங்காலம் முழுக்கப் பாட்டி வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிறான், அடுக்களையில் மாவு டப்பாவைக் கவிழ்க்கிறான், கொல்லைப் பூனையைத் துரத்துகிறான். பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறான். "அம்மாவைத் தேடவே இல்லம்மா, சமத்து" என்று தாத்தா போனில் பெருமையடித்துவிட்டு வைக்கிறார்.

ஒன்பது மணிக்குப் பாயை விரித்து விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கிறது. முதலில் ஒரு முனகல். பிறகு கதவைப் பார்த்து "ம்மா". அப்புறம் தெருவே கேட்கும் அழுகை. தோளில் போட்டு நடந்து நடந்து ஒருவழியாகத் தூங்கவைத்தால், நடுராத்திரி ஒன்றரை மணிக்கு மறுபடியும் அதே கச்சேரி.

காரணம் சொல்ல ஆளா இல்லை? கண் பட்டிருக்கும், உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு என்பார் ஒருவர். வயிற்று உப்புசம் என்பார் இன்னொருவர். செல்லம் கொடுத்துக் கெடுத்துவைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஆனால் இதே பையனை மூன்று மாதத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தால், வயிறு நிறைந்து துணி காய்ந்திருந்தால் போதும், பெரும்பாலும் பாட்டி மடியிலேயே தூங்கியிருப்பான். ஐந்து வயதில் விட்டால் இன்னொரு கதை கேட்டுவிட்டுத் தூங்கிப்போவான். நடுவில் உள்ள இந்த வயதுக்கு மட்டும் என்ன வந்தது? பகலெல்லாம் வராத துக்கம் விளக்கை அணைத்ததும் எங்கிருந்து வருகிறது? குழந்தை உளவியலும் தூக்க அறிவியலும் சேர்ந்து இதற்குப் பதில் சொல்கின்றன.

இல்லாததை நினைக்கும் திறமை

பிறந்த குழந்தைக்கு அம்மாவைத் தெரியாது என்று நினைத்தால் தவறு. 1975-இல் இங்கிலாந்தின் ஏடன் மக்ஃபார்லேன் ஓர் எளிய சோதனை செய்தார். தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள் மார்பில் வைத்துக்கொள்ளும் பஞ்சுத் துணிகள் இரண்டை எடுத்துக்கொண்டார். ஒன்று குழந்தையின் தாயுடையது, மற்றது வேறொரு தாயுடையது. இரண்டையும் குழந்தையின் கன்னத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கவிட்டார். பிறந்து ஆறே நாளான குழந்தைகள் தங்கள் அம்மாவின் துணி இருந்த பக்கம் அதிக நேரம் முகத்தைத் திருப்பின. 1980-இல் அமெரிக்காவின் அந்தோணி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் அம்மாவின் குரலைக் கேட்பதற்காகத் தாங்கள் சூப்பானைச் சப்பும் தாளத்தையே மாற்றிக்கொள்வதைக் காட்டினார்கள்.

ஆக, மூன்று மாதக் குழந்தைக்கு அம்மாவின் வாசனை, குரல் எல்லாம் அத்துப்படி. இருந்தும் அவள் இல்லாதபோது ஏன் தேடுவதில்லை? எதிரே வந்ததை 'இது இன்னார்' என்று அறிவது ஒரு வேலை. எதிரே இல்லாததை மனத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவது இன்னொரு வேலை. முன்னதை அடையாளம் காணுதல் என்றும் பின்னதை நினைவுகூர்தல் என்றும் சொல்லலாம். முதலாவது பிறக்கும்போதே கணிசமாக இருக்கிறது. இரண்டாவது மெதுவாகத்தான் விளைகிறது.

அது எப்போது விளைகிறது என்று முதலில் விரிவாகப் பார்த்தவர் ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே. அவருடைய சோதனைக்கூடம் அவர் வீடுதான்; சோதனைக்கு வந்தவர்கள் அவருடைய மூன்று குழந்தைகள். கையெட்டும் தூரத்தில் ஒரு பொம்மை. குழந்தை அதை எடுக்கப் போகும்போது ஒரு துணியால் மூடிவிடுவார். ஐந்து மாதக் குழந்தை உடனே கையை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கும். எட்டு ஒன்பது மாதமானால் துணியை விலக்கி எடுத்துவிடும். கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்ற இந்த அறிவைத் தமிழில் 'பொருள் நிலைப்பு' எனலாம். முந்தானையால் முகத்தை மூடி, "அம்மா எங்கே?" என்று கேட்டு, "இந்தா இருக்கேன்!" என்று விலக்கும் விளையாட்டுக்கு அந்த வயதுக் குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதற்குக் காரணம் இந்த அறிவு அப்போதுதான் கைகூடி வருவது.

அதுவும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. இடப்பக்கத் துணிக்கடியில் பொம்மையை நாலைந்து தடவை ஒளித்துவைத்து எடுக்கவிட்டார் பியாஜே. பிறகு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கத் துணிக்கடியில் வைத்தார். ஒன்பது மாதக் குழந்தை பழைய இடத்திலேயே போய்த் தேடியது! கண் பார்த்தது, ஆனால் கை பழக்கத்தின் பின்னால் போயிற்று. இந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய ஒரு வயதில் மறைகிறது.

பியாஜேயைத் திருத்தியவர்களும் உண்டு. 1985-இல் ரெனே பையார்ஜானும் கூட்டாளிகளும் கையை நம்பாமல் கண்ணை மட்டும் நம்பி ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பலகை மேலெழுந்து பின்னால் சாய்கிறது. அதன் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டி தடுத்திருக்க வேண்டிய பலகை, பெட்டியே இல்லாததுபோல முழுவதும் சாய்ந்துவிட்டால், ஐந்து மாதக் குழந்தைகள் அதை நீண்ட நேரம் உற்றுப் பார்த்தன. மறைந்த பெட்டி அங்கே இருக்கிறது என்று அவற்றுக்கு ஏதோ ஓரளவில் தெரிந்திருக்கிறது. அப்படியானால் முதலாம் ஆண்டின் பிற்பாதியில் வருவது அந்த அறிவின் பிறப்பு அன்று. அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, அதை நம்பித் தேடவும் கூப்பிடவும் கூடிய வலு.

இந்த வலு வந்தபின்தான் பிரிவு என்பதற்கே பொருள் உண்டாகிறது. "அம்மா எங்கோ இருக்கிறாள், ஆனால் இங்கே இல்லை" என்று நினைக்கத் தெரிந்தவனுக்குத்தான் அழக் காரணம் கிடைக்கும். அதைப் 'பிரிவுப் பதற்றம்' என்கிறோம். இது செல்லத்தால் வருவதா? ஜெரோம் கேகனும் அவருடன் சேர்ந்தவர்களும் 1970-களில் இதைச் சோதித்தார்கள். அமெரிக்க நகரக் குழந்தைகள், குவாத்தமாலாக் குழந்தைகள், இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைகளில் வளர்ந்தவர்கள், ஆப்பிரிக்காவின் கலஹாரியில் எந்நேரமும் தாயின் உடம்போடு ஒட்டியே வளரும் குழந்தைகள் என்று வெவ்வேறு வளர்ப்புகளை ஒப்பிட்டார்கள். அம்மா அறையைவிட்டுப் போனால் அழும் குழந்தைகளின் எண்ணிக்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போயிற்று. ஏழெட்டு மாதத்தில் ஏறத் தொடங்கி, ஒரு வயதைத் தாண்டியதும் உச்சிக்குப் போய், பிறகு மெல்ல இறங்கியது. வளர்ப்பு எப்படி இருந்தாலும் கால அட்டவணை ஒன்றாகவே இருக்கிறது. அது மூளை முதிர்ச்சியின் அட்டவணை. பக்கத்து வீட்டாரின் செல்லக் கணக்கு இங்கே எடுபடாது.

பகலில் ஏன் சமத்து?

அப்படியானால் அவன் மத்தியானத்திலிருந்தே அழுதிருக்க வேண்டுமே?

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தைக்கும் அதைப் பேணுகிறவருக்கும் இடையில் உருவாகும் உறவைப் 'பிணைப்பு' என்ற கருத்தாக வளர்த்தெடுத்தார். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த் 1954-இல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளை வீடு தேடிப் போய்க் கவனித்தார். அம்மா உட்கார்ந்திருந்தால் குழந்தை தவழ்ந்து போய் ஆராயும். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்க்கும். ஓடிவந்து தொட்டுவிட்டு மறுபடியும் போகும். அம்மா எழுந்து போய்விட்டால் ஆராய்ச்சியும் நின்றுவிடும். அம்மா அங்கே ஒரு 'பாதுகாப்புத் தளம்'. தளம் உறுதியாக இருந்தால்தான் குழந்தை அதை விட்டு அகலும்.

பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் இதையே சுமார் 20 நிமிடச் சோதனையாக வடிவமைத்தார். பொம்மைகள் உள்ள புது அறை, அம்மா, குழந்தை, அறிமுகமில்லாத ஒரு பெண். அம்மா இரண்டு தடவை வெளியே போய்த் திரும்பிவருவாள். ஆய்வாளர்கள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். போகும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைவிட, அம்மா திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் அதிகம் சொல்கிறது என்று எய்ன்ஸ்வொர்த் கண்டுகொண்டார். உறுதியான பிணைப்புள்ள குழந்தைகளில் பலர் அழுதுகொண்டே போய் ஒட்டிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, இறங்கி மறுபடி விளையாடப் போவார்கள்.

தளம் ஒருவர்தான் என்று இல்லை. 1964-இல் ருடால்ஃப் ஷாஃபரும் பெகி எமர்சனும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலோர் ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பிணைப்புக் கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவரோடு மட்டும் நின்றவர்கள் 13 சதவீதம்தான். அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆகவே மாதாமாதம் வந்து போகும் பாட்டி, வீடியோ காலில் கொஞ்சும் பாட்டி, மாவு டப்பாவைக் கவிழ்த்தாலும் திட்டாத பாட்டி அவனுக்கு ஒரு தளம்தான். சாயங்கால விளையாட்டுக்கு அந்தத் தளம் போதுமானது.

ஆனால் இந்தப் பட்டியலில் வரிசை உண்டு என்றார் பௌல்பி. வயிறு நிறைந்து, வெளிச்சம் இருந்து, உடம்பு தெம்பாக இருக்கும்வரை வரிசையில் யார் இருந்தாலும் சரி. களைப்பு, இருட்டு, காய்ச்சல், புது இடம், இவை வந்தால் வரிசையின் தலைப்பில் இருப்பவர்தான் வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு இதில் மூன்று ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. ஓடி ஓடிக் களைத்த உடம்பு, அணைந்த விளக்கு, பழகாத பாய். அதனால் பகலில் சமத்தாக இருந்தவனும் ராத்திரியில் அழுபவனும் வேறு வேறு பிள்ளைகள் அல்லர். ஒரே கணக்குக்கு இரண்டு நேரத்தில் வந்த இரண்டு விடை.

ஒன்றரை மணிக்கு யார் எழுப்பியது?

தூங்கவைத்த பிறகு நடுராத்திரியில் வரும் அழுகைக்குப் புதிதாக ஒரு காரணம் தேவையில்லை. யாரும் எழுப்பவில்லை. அவன் தினமும் எழுந்துகொள்கிறவன்தான்.

நம் தூக்கம் ஒரே ஆழத்தில் நீள்வதில்லை. மெல்ல ஆழ்ந்து, கனவு காணும் நிலைக்கு வந்து, விழிப்பின் விளிம்பைத் தொட்டு, மறுபடி ஆழ்கிறது. பெரியவர்களுக்கு இந்தச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. அதனால் ஓர் இரவில் விளிம்பைத் தொடும் தடவைகள் அதிகம். அமெரிக்க மனநல மருத்துவர் தாமஸ் ஆண்டர்ஸ் 1970-களில் குழந்தைகளின் தொட்டிலுக்கு எதிரே கேமரா வைத்து இரவு முழுக்கப் பதிவு செய்தார். ராத்திரி முழுதும் அசையாமல் தூங்குவதாகப் பெற்றோர் சொன்ன குழந்தைகளும் நடுவில் கண் விழித்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டுத் தாமாகவே தூங்கிப்போனார்கள். சிலர் விழித்ததும் அழுது ஆள் கூப்பிட்டார்கள். 'நன்றாகத் தூங்கும் குழந்தை' என்று நாம் சொல்வது, விழித்தும் கூப்பிடாத குழந்தையைத்தான்.

கூப்பிடுவதா வேண்டாமா என்று எது முடிவு செய்கிறது? ராத்திரி பாசஞ்சர் ரயிலில் போயிருப்பீர்கள். வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும்போது கண் லேசாகத் திறக்கும். தலைமாட்டில் பை இருக்கிறதா, எதிர் பெர்த்தில் அதே பெரியவர் குறட்டை விடுகிறாரா என்று பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடுவோம். காலையில் கேட்டால் ஒரு ஸ்டேஷனும் நினைவிருக்காது. ஆனால் ஏதோ ஒரு ஸ்டேஷனில் கண் திறக்கும்போது பை இல்லை, பெர்த் வேறு, எதிரே இருப்பவரும் வேறு என்றால்? எழுந்து உட்கார்ந்து கத்த மாட்டோமா? பாட்டியின் தோளில் தூங்கி, பாயில் கிடத்தப்பட்டு, ஒன்றரை மணிக்குக் கண் திறக்கும் பையனுக்கு நடப்பது அதுதான். அம்மாவின் புடவை வாசம் இல்லை, ஃபேன் சத்தம் வேறு மாதிரி, சுவரில் வழக்கமான நிழல் இல்லை.

புது இடத்தில் தூக்கம் கெடுவது குழந்தைக்கு மட்டும் உள்ளதன்று. தூக்கத்தை ஆய்வகத்தில் பதிவு செய்யத் தொடங்கிய காலத்திலேயே, முதல் நாள் பதிவு எப்போதும் மோசமாக இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். இந்தப் 'புது இட விளைவு' ஏன் வருகிறது என்று 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாகோ தமாகியும் யூகா சசாகியும் பார்த்தார்கள். பெரியவர்களை ஆய்வகத்தில் தூங்கவைத்து மூளையின் இரு பாதிகளையும் தனித்தனியே அளந்தார்கள். முதல் தடவை, ஆழ்ந்த தூக்கத்திலும் இடது பாதியின் ஒரு வலைப்பின்னல் மட்டும் அவ்வளவாக ஆழவில்லை. வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால் அந்தப் பாதி சட்டென்று எதிர்வினை காட்டியது. இரண்டாவது தடவை அதே அறையில் தூங்கும்போது இந்த வித்தியாசம் போய்விட்டது. டால்ஃபின்கள் பாதி மூளையோடு தூங்குவது தெரிந்த செய்தி. கூட்டத்தின் ஓரத்தில் தூங்கும் காட்டு வாத்து வெளிப்பக்கக் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளும். நமக்குள்ளும் அதன் சின்ன மிச்சம் இருக்கிறது. பழகாத இடத்தில் உடம்பே காவல் வைக்கிறது.

இதோடு பாட்டி வீட்டின் வெளிச்சமும் சேர்கிறது. இருட்டத் தொடங்கியதும் மூளை மெலட்டோனின் என்ற சுரப்பைக் கூட்டி, உடம்புக்கு இரவு வந்துவிட்டதைச் சொல்கிறது. 2018-இல் கொலராடோவில் லமீஸ் அகாசெம், மோனிக் லெபூர்ஷ்வா குழுவினர் மூன்று முதல் ஐந்து வயதுள்ள 10 குழந்தைகளின் வீடுகளை நாள்கணக்கில் மங்கலாக்கிவைத்து, பிறகு ஒரு நாள் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் 1000 லக்ஸ் வெளிச்சமுள்ள மேசையில் படம் வரையவைத்தார்கள். எச்சிலில் மெலட்டோனின் ஏறக்குறைய 88 சதவீதம் விழுந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடமாகியும் மீளவில்லை. 2022-இல் அதே ஆய்வகம் வெளியிட்ட முடிவில், 5 முதல் 40 லக்ஸ் என்ற மங்கல் வெளிச்சம்கூடச் சராசரியாக 78 சதவீதம் குறைத்தது. சிறு குழந்தையின் கண்பாவை பெரியது, வில்லை தெளிவானது. உள்ளே போகும் வெளிச்சம் அதிகம். கூடத்தில் டியூப்லைட் எரிய, சீரியல் ஓட, நடுவில் உட்கார்ந்திருந்த பையனிடம் "கண்ணை மூடு ராஜா" என்றால் அவன் உடம்புக்கு இன்னும் சாயங்காலம்தான்.

ஆள்தான் மருந்து

இந்த அழுகையால் குழந்தைக்குக் கெடுதல் வருமா? அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்ல மூன்று விதமான சான்றுகள் இருக்கின்றன.

முதலாவது, எச்சில். மன அழுத்தத்தில் உடம்பு கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது எச்சிலிலும் தெரியும். ஊசி வேண்டாம், வாயில் ஒரு துண்டு பஞ்சு போதும். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மெகன் கன்னர் குழு 1992-இல் ஒன்பது மாதக் குழந்தைகளை அரைமணி நேரம் தாயிடமிருந்து பிரித்து, பழக்கமில்லாத பெண்ணிடம் விட்டது. அந்தப் பெண்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள். ஒரு வகையினர் குழந்தை சிணுங்கினால் மட்டும் கவனித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மற்ற வகையினர் நேரம் முழுதும் பேசி, விளையாடி, குழந்தையின் போக்கில் போனார்கள். முதல் வகையில் கார்டிசால் ஏறியது. இரண்டாம் வகையில் அந்த ஏற்றம் தென்படவில்லை. பிரிவு இருவருக்கும் ஒன்றுதான். உடம்பில் பதிந்தது வேறு வேறு.

இரண்டாவது, சினிமா. பௌல்பியோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும் 1960-களின் பிற்பகுதியில் சிறு பிரிவுகளைப் படமெடுத்தார்கள். தாய் பிரசவத்துக்குப் போனதால் குழந்தைகள் காப்பகத்தில் ஒன்பது நாள் விடப்பட்ட 17 மாதச் சிறுவன் ஒருவன். தாதிகள் நல்லவர்கள்தான். ஆனால் முறை வைத்து மாறிக்கொண்டே இருந்தார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் ஒட்டப் பார்த்தான், தோற்றான், சாப்பாட்டை விட்டான். கடைசியில் ஒரு பெரிய கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதே காலத்தில் ராபர்ட்சன் தம்பதி, ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் உள்ள நான்கு குழந்தைகளை அதே போன்ற பிரிவின்போது தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். குழந்தைகளை முன்கூட்டியே வரவழைத்துப் பழகினார்கள். என்ன சாப்பிடும், எப்படித் தூங்கும் என்று தாயிடம் கேட்டுக்கொண்டார்கள். அதன் போர்வையையும் அம்மாவின் போட்டோவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்தக் குழந்தைகளுக்கும் வருத்தம் இருந்தது, ஆனால் உடைந்துபோகவில்லை.

மூன்றாவது, கிப்புட்ஸ். அங்கே ஒரு காலத்தில் குழந்தைகள் எல்லா இரவும் தனி வீட்டில் தூங்கினார்கள். முறை மாறி வரும் காவல்காரப் பெண்கள் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆப்ரஹாம் சாகியும் கூட்டாளிகளும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பகலில் ஒரே மாதிரிப் பராமரிப்புப் பெற்ற இரண்டு குழுக்களை ஒப்பிட்டார்கள். ராத்திரி பெற்றோர் வீட்டில் தூங்கிய குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு உறுதியான பிணைப்பு. பொது வீட்டில் தூங்கியவர்களில் 48 சதவீதத்துக்கு மட்டுமே. இந்த வழக்கத்தைப் பின்னர் கிப்புட்ஸ்களே கைவிட்டன. இரவில் கூப்பிட்டால் தெரிந்த முகம் ஒன்று வரவேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம். பாட்டி வீட்டில் ஒரு ராத்திரி அதிலிருந்து வெகுதூரம். அங்கே கூப்பிட்ட குரலுக்குப் பாட்டி வருகிறாள்.

இவற்றிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடியவை எளியவை. முதல் இரவுக்கு முன்னால் அதே அறையில் சில மத்தியானத் தூக்கங்கள் போட்டுவிட்டால், இடம் பாதி பழகிவிடும். வீட்டில் எந்த வரிசையில் நடக்குமோ அதே வரிசை, அதாவது குளியல், பால், பாட்டு, தூக்கம். அம்மா கட்டி அவிழ்த்த, துவைக்காத ஒரு புடவையை மடித்து விரிப்பின் மேல் போடலாம். ஒரு வயது ஆகாத குழந்தையின் படுக்கையில் மட்டும் தளர்ந்த துணி எதுவும் கூடாது, அது மூச்சை அடைக்கும். எட்டு மணிக்கே டிவியையும் டியூப்லைட்டையும் அணைத்துவிடலாம். அவன் விளையாடும் சாக்கில் அம்மா பின்வாசல் வழியே நழுவுவதைத்தான் கட்டாயம் தவிர்க்க வேண்டும். தான் திரும்பிப் பார்க்காத நேரத்தில் தளம் காணாமல் போய்விடும் என்று கற்றுக்கொண்டவன், அடுத்த தடவை அம்மாவைவிட்டு நகரவே மாட்டான். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் பத்து நிமிடம் அழுவான். அந்த அழுகைக்கு ஒரு முடிவு உண்டு.

அந்த வார்த்தை முழுதாகப் புரிய அவனுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். 'நாளைக்கு', 'காலையில', 'தூங்கி எழுந்ததும்' ஆகிய சொற்கள் காலத்தைக் கையில் பிடித்துக்கொள்ள உதவும் கைப்பிடிகள். ஐந்து வயதுக்காரன் அம்மாவை மறந்துபோவதில்லை. அவள் எப்போது வருவாள் என்பதையும் சேர்த்து நினைக்கத் தெரிந்துகொண்டான். நினைவுகூரும் திறமை வந்து, காலத்தைக் கணக்கிடும் திறமை வராத இடைவெளியில்தான் ஒன்றரை வயதுக்காரன் நிற்கிறான்.

மறுநாள் காலை இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். இட்லி சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன், வாசலில் அம்மாவைப் பார்த்ததும் வெடித்து அழுவான். பாட்டிக்குச் சங்கடமாகவும் அம்மாவுக்குச் சந்தேகமாகவும் இருக்கும். எய்ன்ஸ்வொர்த்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்கள் பல தடவை பார்த்த காட்சிதான் இது. வரிசையின் தலைப்பில் உள்ளவர் வந்துவிட்டார், இனிமேல் அடக்கிவைக்க வேண்டியதில்லை. இடுப்பில் ஏறிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் அடங்கி, மறுபடி பூனையைத் தேடிப் போனானென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது.

இந்த ராத்திரிக் காவலுக்குப் பாட்டிதான் பொருத்தமானவள் என்பதற்கு மானுடவியலிலிருந்தும் ஓர் ஆதாரம் உண்டு. வயதானால் தூக்கம் மெலிந்துபோகிறது. நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அதை ஒரு குறையாகத்தான் டாக்டரிடம் சொல்கிறோம். டேவிட் சாம்சனும் சார்ல்ஸ் நன்னும் அவர்களுடைய குழுவினரும், தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்ஸா மக்களில் 33 பெரியவர்களின் கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி, 20 நாள் இரவுத் தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். 2017-இல் வெளியான அந்த முடிவின்படி, 220 மணி நேரத்துக்கும் மேலான பதிவில் 33 பேரும் ஒரே சமயத்தில் தூங்கிய நேரம் மொத்தமே 18 நிமிடம். கிட்டத்தட்ட எந்நேரமும் யாராவது விழித்திருந்தார்கள். அதற்கு யாரும் முறை வைக்கவில்லை. இளையவர்கள் நேரம் கழித்துத் தூங்க, மூத்தவர்கள் முன்னதாக விழிக்க, வயது வித்தியாசமே காவலைப் பிரித்துக்கொடுத்தது. மூத்தவர்களின் மெலிந்த தூக்கம் ஒரு நோயாக இல்லாமல், கூட்டமாக வாழ்ந்த நம் இனத்துக்குப் பயன்பட்ட ஓர் ஏற்பாடாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அப்படிப் பார்த்தால் ஒன்றரை மணிக்கு விழிக்கும் பேரனும், எப்படியும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் பாட்டியும் ஒருவருக்கொருவர் சரியான ஜோடிதான். தூக்க மாத்திரை கேட்க டாக்டரிடம் போவதற்கு முன்னால், பாட்டி இந்த ஒரு ராத்திரியையாவது கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்.